கோக்-ஜார் சாவடியின் நாற்பது மேகசின்கள்

ஏப்ரல் பதினோராம் தேதி காலை, கோக்-ஜார் எல்லைச் சாவடியின் ஆயுத அறையில் இருந்த நாற்பது துப்பாக்கி மேகசின்களும் கூரையில் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் முப்பது தோட்டாக்கள் நிரம்பியிருந்தன. கதவின் களிமண் முத்திரை கலையவில்லை. ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. அறையின் பொறுப்பாளர் அப்திகாலி அண்ணாந்து பார்த்தார், எண்ணினார், நாற்பதும் சரியாக இருப்பதைக் கண்டு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். பிறகுதான் அவற்றை எப்படி இறக்குவது என்று யோசிக்கத் தொடங்கினார்.

முந்தின நாள்வரை அவை இருந்தது, அபாய மணி அடித்தால் எடுக்க வேண்டிய அடுக்கில். அதில் உள்ள மேகசின்கள் எந்நேரமும் நிரம்பியே இருக்க வேண்டும். அப்திகாலிக்கு முன்னால் அந்தப் பொறுப்பில் இருந்தவர், உள்ளிருந்து தோட்டாவை மேலே தள்ளும் ஸ்பிரிங் களைத்துவிடும் என்று சொல்லி மாதாமாதம் தோட்டாக்களைக் கொட்டி, ஒரு நாள் ஓய்வு கொடுத்து, மறுபடி நிரப்புவார். அப்திகாலி அதை ஏற்கவில்லை. அமுங்கிக் கிடப்பதால் ஸ்பிரிங் கெடுவதில்லை, அமுங்கி நிமிர்ந்து அமுங்கி நிமிர்ந்துதான் கெடுகிறது என்பது அவர் கட்சி. அதோடு, கொட்டும்போதெல்லாம் யாராவது ஒருவன் கீழே போட்டு வாய் விளிம்பை நசுக்கிவிடுவான். நசுங்கிய வாயில் தோட்டா சிக்கும். ஆகவே பொறுப்பேற்ற நாளில் நாற்பதையும் பிரித்து, உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் ஒரு பொட்டுகூட உள்ளே தங்காமல் பார்த்து, நிரப்பி அடுக்கினார். ஒன்பது வருடம் தோட்டாக்களைத் தொடவில்லை. வெளிப்புறத்தை மட்டும் வாரம் ஒருமுறை துடைப்பார். குளிர்காலத்தில், வெளியிலிருந்து வந்த எந்த இரும்பையும் நேராக அடுப்புள்ள அறைக்குக் கொண்டுவர விடமாட்டார். உறைபனியில் கிடந்த இரும்பு வெப்பம் பட்டால் வியர்க்கும், வியர்த்தால் துரு. ஒரு மணி நேரம் அடுப்பில்லாத நடையில் வைத்துக் குளிர் விட்ட பிறகே உள்ளே அனுமதி. படைவீரர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அவரை மருத்துவச்சி என்பார்கள்.

அவர் மனைவி ஜிபார்தான் சாவடியின் சமையல்காரி. தொண்ணூற்று நாலு கிலோ எடை. அதை அவளே மாவுக் கிடங்குத் தராசில் ஏறி நின்று எல்லோருக்கும் காட்டியிருக்கிறாள். ஏழாவது வருடம் அதே தராசில் அப்திகாலி ஒரு மேகசினை வைத்துப் பார்த்து, எடை பாதியாகக் குறைந்திருப்பதைக் கண்டுபிடித்தார். எட்டாவது வருடம் முள் அசையவே இல்லை. அவர் இதைப் பற்றி நிறைய யோசித்தார். ஸ்பிரிங் இரவும் பகலும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. தோட்டாக்களோ வெளியே போவதில்லை. அந்தத் தள்ளலெல்லாம் எங்கேயாவது போய்ச் சேரத்தானே வேண்டும். மனைவியிடம் சொன்னபோது அவள் ரொட்டி தட்டிக்கொண்டே, "என்னையும்தான் பதினெட்டு வருஷமா அமுக்கி வச்சிருக்கே. நான் மேலே போனேனா?" என்றாள்.

சாவடியின் தளபதி தவ்லத்ஷோ, இருபத்தாறு வயதுக்காரர், ஆற்றின் கீழ்ப் பகுதியிலிருந்து வந்தவர், விதிப்புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குபவர். கூரையைப் பார்த்ததும் முதலில் அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். விதிப்புத்தகத்தில் மேகசின்களை எங்கே வைக்க வேண்டும் என்று இருந்தது. அடுக்கிலேயே அவை நிற்காவிட்டால் என்ன செய்வது என்று இல்லை. கடைசியில், அபாய மணி அடித்தால் எட்டி எடுக்கும்படி ஒவ்வொன்றிலும் ஒரு முழ நூல் கட்டித் தொங்கவிட உத்தரவிட்டார். ஒத்திகையில் பழைய நேரத்தைவிட நாலு நொடி சீக்கிரமாகவே எடுத்து முடித்தார்கள். அவருக்கு அது போதும். அப்திகாலிக்கோ ஆவல் அடங்கவில்லை. ஒன்றை எடுத்து நாலு லிட்டர் கெட்டிலின் கைப்பிடியில் கட்டினார். தண்ணீரோடு கெட்டில் எழும்பி, அடுப்பு உயரத்தில் நின்று, மெதுவாகத் திரும்பியது.

ஜூன் மாதம் பனி உருகி ஆறு பெருகியது. மரப்பாலத்தை ஒரே நாளில் அடித்துக்கொண்டு போனது. அதற்கு மூன்றாம் நாள் காலையில் ஜிபார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாவு மூட்டைமேல் சாய்ந்தாள். கத்தவில்லை, அதுதான் அப்திகாலியைப் பயமுறுத்தியது. வயர்லெஸ்ஸில், ஆற்றுக்கு அப்பால் உள்ள ஊர் மருத்துவமனையின் டாக்டர் நாலு கேள்வி கேட்டார். எங்கே வலி, எப்போது தொடங்கியது, காய்ச்சல் எவ்வளவு, வலது காலை மடக்க முடிகிறதா. கேட்டுவிட்டு, குடல்வால் என்றார். சாயங்காலத்துக்குள் அறுக்காவிட்டால் வெடிக்கும். வண்டியை அக்கரைக்கு அனுப்புகிறேன், நீங்கள் ஆற்றைக் கடத்திக் கொண்டுவந்துவிடுங்கள். குதிரை அந்த வெள்ளத்தில் நிற்காது. முந்தின நாள்தான் ஒரு யாக் எருது கூழாங்கல் மாதிரி உருண்டு போனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

அப்திகாலி தளபதியின் முன்னால் போய் நின்றார்.

"கமாண்டர், அறையைத் திறக்கணும்."

"எதுக்கு?"

"நாற்பதும் வேணும்."

தவ்லத்ஷோவுக்குப் புரிந்துவிட்டது. "அண்ணே, நிரப்பின மேகசின் வேலியைத் தாண்டினா எனக்கு ஜெயில். உங்களுக்கும் ஜெயில்."

"தெரியும்."

"ஒண்ணே ஒண்ணு தொலைஞ்சாலும்..."

"பத்தொன்பது வருஷ சர்வீஸ்ல ஒண்ணும் தொலைச்சதில்லை, கமாண்டர். ஆனா அவ ஒருத்திதான் இருக்கா."

தளபதி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். எதைத் தேடினார் என்று அவருக்கே தெரியாது. பராமரிப்புப் பகுதியில், ஈரம் கண்டால் மேகசின்களை வெளியில் எடுத்துக் காற்றாட விடலாம் என்று ஒரு வரி கிடந்தது. எவ்வளவு தூரம் எடுத்துப் போகலாம் என்று போடவில்லை. அவர் பேனாவை எடுத்து, நாற்பது மேகசின்கள் காற்றாட விடுவதற்காக எடுக்கப்பட்டன என்று எழுதி, சாவியைக் கொடுத்தார்.

அந்தப் பள்ளத்தாக்கில் தினமும் இரண்டு மணிக்குக் காற்று எழும். சாவடிப் பக்கமிருந்து அக்கரைக்கு அடிக்கும். அதற்குள் ஒரு கம்பளத்தின் நாலு ஓரத்திலும் மேகசின்களைத் தைத்து முடித்தார்கள். ஜிபாரை அதில் கிடத்தினார்கள். கம்பளம் தரையை விட்டு எழும்பியபோது அவள் கண்ணைத் திறந்து, "கட்டு சரியா போட்டானுங்களா பாரு. சமையல் பிடிக்கலைன்னு பழிவாங்கப் போறானுங்க" என்றாள். அப்திகாலி பக்கத்தில் தொற்றிக்கொண்டார். எட்டுப் பேர் கம்பளத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்து, விட்டு விட்டுக் கொடுத்தார்கள். காற்று இரண்டு பேரையும் ஆற்றின் மேலே கொண்டுபோனது. மூன்று ஆள் உயரத்தில் போனார்கள். கீழே தண்ணீர் பழுப்பாக, பாறைகளை உருட்டும் சத்தத்தோடு ஓடியது. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் அவர் விரல்கள் மரத்துப்போயின.

இறங்குவதற்கு ஒரே வழி தோட்டாக்களை எடுப்பதுதான். அக்கரை நெருங்கும்போதே அப்திகாலி ஒரு மேகசினின் வாயில் கட்டைவிரலை வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளி, தன் வெள்ளைக் கம்பளித் தொப்பியில் சேர்த்தார். ஒவ்வொரு தோட்டா வெளியேறும்போதும் கம்பளம் ஒரு விரல் தாழ்ந்தது. மரத்த விரல்தானே, ஒன்று நழுவியது. மஞ்சளாக மினுங்கிக்கொண்டு போய் ஆற்றில் விழுந்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை.

"ஒண்ணு விழுந்துடுச்சு பாரு," என்றாள் ஜிபார். அவ்வளவு வலியிலும் அவளுக்கு அது தெரிந்தது.

"விழட்டும்."

அவள் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பதினெட்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை. பிறகு முகத்தை அவர் தோளில் புதைத்துக்கொண்டாள்.

ஏழு மேகசின்கள் காலியானபோது கம்பளம் அக்கரைச் சரளையில் உட்கார்ந்தது. வண்டி நின்றிருந்தது. அப்திகாலி கம்பளத்தையும் காலி மேகசின்களையும் இருநூற்று ஒன்பது தோட்டாக்கள் இருந்த தொப்பியையும் கயிற்றிலேயே கட்டினார். எதிர்க்காற்றில் எட்டுப் பேரும் பட்டம் இழுப்பது போல இழுத்துக்கொண்டார்கள். இக்கரையிலிருந்து தவ்லத்ஷோ இரண்டு கையாலும் போ, போ என்று சைகை காட்டினார். அப்திகாலி தலையில் தொப்பியில்லாமல் வண்டியில் ஏறினார். மாலை ஆறு மணிக்கு டாக்டர் குடல்வாலை எடுத்துக் காட்டினார். வெடிக்க இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது.

பாலம் மறுபடி போட்ட ஆகஸ்டில் மேஜர் ஹிக்மத்தவ் சோதனைக்கு வந்தார். தொலைந்த தோட்டாவைப் பற்றி அப்திகாலியிடம் இரண்டு நாள் விசாரித்தார். அப்திகாலி எதையும் மறைக்கவில்லை. மேஜர் ஆயுத அறைக்குள் போய், கூரையில் இருந்த முப்பத்து மூன்றையும், மறுபடி நிரப்பியும் அடுக்கிலேயே கனமாகக் கிடந்த ஏழையும் பார்த்தார். நூலைப் பிடித்து ஒன்றை இழுத்தார், விட்டார். டக்கென்று போய் ஒட்டியது. மறுபடி இழுத்தார், விட்டார். கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் உள்ளேயே இருந்தார். வெளியே வந்து, ஒரு தோட்டா பரிசோதனையில் செலவானது என்று எழுதினார். வேலிக்கு வெளியே கொண்டுபோனதற்காக அப்திகாலிக்கும் தளபதிக்கும் ஒரு கண்டிப்பு. ஜிபார் வைத்த சூப்பை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுப் புறப்பட்டார்.

அதன்பின் செய்தி பரவியது. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. மேய்ப்பர்கள் கூடாரத்தின் உச்சி வளையத்தை ஏற்ற ஒரு மேகசின் கடன் கிடைக்குமா என்று கேட்டு வந்தார்கள்; கிடைக்காது என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த வருடம் பக்கத்துச் சாவடியின் ஆயுதப் பொறுப்பாளர் எர்கேபாய் குதிரையில் ஒரு நாள் பயணம் செய்து வந்து, உப்புப் போட்ட பால் டீயைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணே, எங்களுது ஒண்ணும் ஏறலையே. நீங்க சொன்ன மாதிரிதான் துடைக்கிறேன்."

"உள்ளே எண்ணெய் போட்டியா?"

"போடலை."

"அடிக்கடி எடுத்துப் பார்க்கிறியா?"

எர்கேபாய் தலையைக் குனிந்துகொண்டார். "வாரத்துக்கு ஒருவாட்டி கொட்டிப் பார்ப்பேன்."

"அப்ப எப்படி ஏறும்?" என்றார் அப்திகாலி. "இன்னைக்கு நிரப்பி வை. ஒன்பது வருஷம் கையை வைக்காதே. டீ ஆறுது, குடி."