வீடியோவில் பார்த்த குதிரை

பல் டாக்டரம்மாவின் கிழட்டுக் குதிரை மழைக்காலத்தில் செத்துப்போனது. கணவர் போன பிறகு அந்த வீட்டில் அவளோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரே ஜீவன் அதுதான். வீட்டின் முன்பக்கம் கிளினிக், பின்பக்கம் லாயம். இப்போது பின்கதவைத் திறக்கும் வேலையே இல்லாமல் போயிற்று. முன்கதவு வழியாக வருகிறவர்களும் வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பார்களே தவிர, பேச்சுத்துணைக்கு ஆகமாட்டார்கள்.

வேறொன்று வாங்கச் சொன்னது அவளுடைய அண்ணன்தான். பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரர் ஒரு பழுப்புக் குதிரையை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு அவளைக் கூட்டிப்போனார். அவள் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தாள். பண்ணைக்காரர் சொன்ன வயதையே பல்லும் சொன்னது. குளம்புகளைத் தட்டிப் பார்த்து, ஏறி ஒரு சுற்றும் வந்தாள். பரம சாது.

"கண்ணால பாத்தாச்சு, ஏறியும் பாத்தாச்சு. இன்னும் என்னம்மா யோசனை?" என்றார் அண்ணன்.

சொல்கிறேன் என்று வந்துவிட்டாள்.

அந்த வாரம் மகன் கூப்பிட்டபோது இதைச் சொன்னாள். கடல் கடந்து வேலை பார்க்கும் அவன், எப்போதாவது கூப்பிட்டு, சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறவன். குதிரை என்றதும் அவன் குரலில் உயிர் வந்தது. அவன் இருக்கும் நாட்டுக் குதிரைக்கு ஈடே கிடையாது என்றான். மறுநாளே ஒரு வீடியோ அனுப்பினான். சாம்பல் நிறப் பெண்குதிரை ஒன்று வேலியோரமாகத் துள்ளி ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு தினமும் போன். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, விமானத்தில் இடம், வந்திறங்கியதும் நோய் உண்டா என்று தனியே கட்டிவைத்துப் பார்க்கும் கெடு என்று பேசுவதற்கு ஏதாவது இருந்துகொண்டே இருந்தது. பேச்சுவாக்கில், சின்ன வயதில் அவன் குதிரையிலிருந்து சேற்றில் விழுந்ததும், அவனைத் தூக்கப்போன அப்பாவும் வழுக்கி விழுந்ததும் வந்தன. இருவரும் சிரித்தார்கள். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே சமைத்தாள்.

"வாய்க்குள்ள பாக்காம யாருக்கும் மாத்திரைகூட எழுத மாட்டே. பாக்காத குதிரைய வாங்குறியா?" என்று அண்ணன் கோபித்துக்கொண்டார். மகன் நேரில் பார்த்திருக்கிறானே என்று சமாளித்தாள். உள்ளூர்க் குதிரையை வாங்கினால் ஒரே நாளில் விஷயம் முடிந்துவிடும் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

குதிரை வந்து சேர்ந்தது. வீடியோவில் பார்த்ததைவிட அழகு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் பேச்சு அதற்குப் புரியவில்லை. வைக்கோலை மோந்துவிட்டு, தெருவைப் பார்த்துக் கனைத்துக்கொண்டே இருந்தது. விலா எலும்பு தெரியத் தொடங்கியது. மகனைக் கூப்பிட்டால், போகப்போகப் பழகிவிடும் என்றான். வேலை நெருக்கடி என்றான். அப்புறம் அவன் போன் பழையபடி எப்போதாவது என்று ஆனது.

கால்நடை டாக்டர் வந்து பார்த்தார்.

"நோய் ஒண்ணுமில்லம்மா. கூட்டத்துல வளந்தது. தனியா இருக்கத் தெரியல."

அவரை வழியனுப்பிவிட்டு லாயத்துக்கு வந்தவள், குதிரையின் கழுத்தில் கை வைத்தபடி வெகுநேரம் நின்றாள். துணைக்குப் பழுப்புக் குதிரையையும் வாங்கிவிடலாம் என்று மறுநாள் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு போனாள். அது விலைபோய்விட்டிருந்தது. பண்ணைக்காரர் மனதில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. சாம்பல் குதிரையைத் தன் குதிரைகளோடு விடச் சொன்னார், அவள் வேண்டும்போது வந்து ஏறிக்கொள்ளலாம் என்றார். அவளுக்கு மனசே வரவில்லை. ஆனாலும் அதன் விலா கண்முன் நின்றது. கொண்டுபோய் விட்டாள். அவிழ்த்துவிட்டதும் அது மற்றவற்றின் நடுவே புகுந்து, தலை நிமிராமல் மேயத் தொடங்கியது.

அடுத்த முறை மகன் கூப்பிட்டபோது, குதிரை எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

"நல்லா இருக்கு. பண்ணையில விட்டுட்டேன்."

"ஏம்மா? அவ்வளவு தூரத்துலேருந்து வரவழைச்சு..."

"நீ தினமும் பேசுனியே, அதுக்காகத்தாண்டா வாங்குனேன்."

போன் கட்டாகிவிட்டதோ என்று அவள் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். கட்டாகவில்லை.

"இப்ப என்னம்மா பண்ணிட்டிருக்கே?" என்று கேட்டான் மகன்.

பின்வாசல் படியில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். அவன் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. ஆனால் அதற்குமேல் என்ன பேசுவதென்று இருவருக்குமே தெரியவில்லை.