வீட்டில் தங்கிய நாலாவது சோபா

பை தைப்பவள் வீட்டின் மூன்றாவது சோபா, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு எழுந்து, வாசலில் பக்கவாட்டாகத் திரும்பிப் படியிறங்கி, தெருவோடு போய்விட்டது. அக்கம்பக்கத்தார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏற்கெனவே இரண்டு போயிருந்தன. பால் நிற உறை போட்ட முதலாவது, மைக்கறைக்கு நாற்பது நாள் தாக்குப்பிடித்தது. வழவழப்பான தோலுறை போட்ட இரண்டாவது, கடைக்குட்டி அதன் முதுகை மலையாக்கி ஏறி இறங்கியதில் மூன்றாம் மாதம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியது. இந்த மூன்றாவதுக்கு மரத்தூளை அழுத்திச் செய்த கால்கள். நொண்டி நொண்டி அது தெருமுனையைத் தாண்டக் கால் மணி நேரமானது. பின்னால் பால் வண்டியும் அதற்குப் பின்னால் வீட்டுக்காரரின் ஸ்கூட்டரும் ஹாரன் அடித்தபடி நின்றன.

அன்று மாலையே வீட்டுச் சொந்தக்காரரான அவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். “இன்னொரு சாமான் தெருவுல நடந்துச்சுன்னா வீட்டைக் காலி பண்ணிடணும்மா. சொல்லிட்டேன்.”

ஒன்பது வருடம் இருந்த வீடு. பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. தையல் மிஷின் மேல் நாள் முழுக்க வெளிச்சம் விழும் ஜன்னல் வேறெங்கும் வாய்க்காது. “பிள்ளைங்களை அடக்கி வைங்க அண்ணி,” என்றாள் நாத்தனார். அடக்கியும் பார்த்தாள். மூன்று பிள்ளைகளும் சுவரோரமாகக் கைகட்டி உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரமும் வீட்டுக் கடிகாரம் ஓடவில்லை. ‘போங்க, குதிச்சுத் தொலைங்க’ என்று அவள் சொன்ன பிறகுதான் முள் நகர்ந்தது.

தவறு பிள்ளைகளிடம் இல்லை என்பது மிஷினில் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது. பள்ளிப் பைக்குத் துணி எடுத்தால் இழுத்துப் பார்ப்பாள், ஈரக்கையால் தேய்ப்பாள், முதல் பையில் ஐந்து கிலோ புத்தகத்தைத் திணித்து ஆட்டிப் பார்த்த பிறகே மீதியைத் தைப்பாள். சோபாவுக்கு மட்டும் திரைச்சீலையோடு பொருந்துகிறதா என்று பார்த்திருக்கிறாள். சோதிக்க வேண்டிய எடை வீட்டிலேயே மூன்று இருக்க!

மூன்றையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரர் கைகளை விரித்து மறித்தார். “பிள்ளைங்களை வெளிய நிறுத்துங்கம்மா, சாமானெல்லாம் பயந்துக்கும்.”

“எது பயப்படலன்னு பார்க்கத்தான் வந்தேன்,” என்றவள், பிள்ளைகள் பக்கம் திரும்பி, “ம், ஓடுங்க,” என்றாள்.

வெல்வெட் சோபாக்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டன. கண்ணாடி மேசை ஒன்று மூச்சை அடக்கியது. கடைக்கோடியில் இருந்து ஒன்று மட்டும் முன்னால் வந்தது. ஈரமண் நிறம், அழுத்தமான மரச்சட்டம், உருட்டி இழைத்த மூலைகள், கழற்றித் துவைக்கத் தோதான கித்தான் உறை. கடைக்குட்டி ஏறுவதற்கு வாகாக அது கைப்பிடியைத் தாழ்த்திக் கொடுத்தது. “ரெண்டு வருஷமா விக்காம கிடக்குது, கலர் யாருக்கும் பிடிக்கல,” என்றார் கடைக்காரர். அவள் உறையை ஈரக்கையால் தேய்த்தாள், சாயம் ஒட்டவில்லை.

எட்டு மாதம் அது அசையவில்லை. பிறகு ஒரு நாள், நாலு மணி, கொட்டுகிற மழை. சோபா எழுந்து வாசலுக்கு நடந்தது. அவள் ஓடிவந்து கைப்பிடியைப் பிடித்தாள். “நல்லாத்தானே இருந்தே? உனக்கென்ன குறை வச்சேன்?” சோபா அவள் கையை மெல்ல விலக்கிவிட்டு இறங்கிவிட்டது. அவள் பரணிலிருந்து பெட்டியை எடுத்துத் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

இருபது நிமிடத்தில் அது திரும்பி வந்தது. பள்ளிப் பைகளோடு மூன்று பிள்ளைகளும் மேலே இருந்தார்கள். நடுவில், ஸ்கூட்டர் நின்றுபோய்ப் பாதி வழியில் மாட்டிக்கொண்ட வீட்டுக்காரர், எல்லோருக்குமாகக் குடை பிடித்தபடி.

“ஒழுங்கா இடது பக்கமாத்தான் வருதும்மா,” என்றார் அவர், இறங்க மனமில்லாமல். “இருக்கட்டும். படியேறும்போது காலை மட்டும் துடைச்சுக்கச் சொல்லுங்க.”

அவள் மிச்சமிருந்த பைத்துணியில் தடிமனாக ஒரு மிதியடி தைத்து வாசலில் போட்டாள். நாலு கால்களும் ஒன்றாக நிற்கிற அகலம். இப்போதெல்லாம் நாலு மணிக்குப் பால் வண்டி தானாக ஒதுங்கி வழி விடுகிறது.