முதல் பிடி மண்

அறுபத்திரண்டு வயதில் தேவராஜ் உபதேசியாருக்கு ஒரு புதுப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. இயேசு தன் வீட்டில், தன் தாயோடு பேசிய அரமேய பாஷையைக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். ஒடுகத்தூரில் ஓட்டு வீடு, காலில் ஆறாத சர்க்கரைப் புண், இதற்கு நடுவில் அரமேயம்! “தமிழ்ல நீங்க சொல்றதே பாதிப்பேருக்கு வெளங்கல” என்று மனைவி சாந்தம்மாள் முகத்துக்கு நேராகவே சொன்னாள். மனுஷன் காதில் போட்டுக்கொண்டால்தானே.

1983ஆம் வருஷம் சித்திரையில், ஓய்வுபெற்ற உபதேசிமார்களுக்குப் பெங்களூரில் பதினைந்து நாள் வகுப்பு நடந்தது. அங்கேதான் இது தொற்றியது. பாடம் எடுத்தவர் கேரளத்துச் சிரியன் சபையின் வயதான பாதிரியார் ஒருவர். தமிழை மலையாளத்தில் நனைத்துப் பேசுவார். ஒவ்வொரு நாளும் இயேசு சொன்ன ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு, அந்த நாட்டு ஜனங்கள் அதை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று பிரித்துப் பிரித்துச் சொல்வார். எல்லாரும் வாய் பிளந்து கேட்டார்கள்.

ஒன்பதாம் நாள் அவர் எடுத்தது, இயேசுவிடம் ஒருவன் வந்து, “முதலில் என் அப்பனைப் புதைத்துவிட்டு வருகிறேன்” என்று கேட்ட இடம். “செத்தவர்களைச் செத்தவர்களே புதைக்கட்டும், நீ என்னோடு வா” என்று இயேசு சொன்னாரே, அது.

பாதிரியார் சிரித்தார். “நீங்கள் எல்லாம் என்ன நினைத்தீர்கள்? அவன் வீட்டில் பிணம் கிடக்கிறது என்றா? அந்தப் பாஷைக்காரர்கள் பேசுகிற விதமே அதுதான். அப்பன் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறான். அவன் காலம் முடிகிறவரை கூட இருந்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்கிறான் மகன். பத்து வருஷமோ, இருபது வருஷமோ! அந்தச் சாக்கைத்தான் இயேசு ஒத்துக்கொள்ளவில்லை. அப்பன் பிணத்துக்குப் போகாதே என்று அவர் எந்த மகனிடமும் சொன்னதில்லை.”

வகுப்பே சிரித்தது. தேவராஜ் மட்டும் பேனாவை மூடி வைத்தார். அவர் அதைச் சொல்லியிருந்தார். ஒரு மகனிடம், பிணம் வீட்டில் கிடக்கும்போதே சொல்லியிருந்தார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. அப்போது அவர் ஜவ்வாது மலையில் ஊழியம் செய்துகொண்டிருந்தார். ஒன்பது வருஷம் ஏறி இறங்கியதில் வேதத்துக்கு வந்தது மூன்றே குடும்பம். அதில் முதல் ஆள் கோபால். சாமை விதைத்து, புளி உலுக்கிப் பிழைக்கிற வீட்டுக்கு மூத்த மகன். ஞானஸ்நானம் எடுத்ததும் ஊர் அவனை ஒதுக்கியது. ஊருக்குக் கீழே, ஓடையோரம் குடிசை போட்டுக்கொண்டான். இரண்டாவது மாதமே அவன் அப்பன் முனியன் செத்துப்போனார்.

மலையில் ஒரு கட்டு உண்டு. மூத்த மகன் முதல் பிடி மண் போடாமல் யாரும் குழியை மூடக்கூடாது. எப்பேர்ப்பட்ட பகையானாலும் அதற்கு மட்டும் மகனைக் கூப்பிட்டே ஆகவேண்டும். ஊரிலிருந்து ஆள் வந்தது. கோபால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். தேவராஜ்தான் வழியில் குறுக்கே நின்றார். அங்கே போனால் மொட்டை அடிப்பார்கள், மீசை எடுப்பார்கள், பூசை போடுவார்கள், ஒன்பது வருஷ உழைப்பு ஒரே நாளில் போய்விடும் என்ற பயம் அவருக்கு. வேதப்புத்தகத்தைத் திறந்து அந்த வார்த்தையை உரக்கப் படித்தார். கோபால் துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

குழி இரண்டு நாள் திறந்தே கிடந்தது. மழை வேறு. கடைசியில் மருமகன் கையால் மண் தள்ளினார்கள். அதற்கப்புறம் கோபாலின் தாய் மங்கம்மாள் அந்த ஓடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. மகன் எதிரே வந்தால் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு போவாள். தேவராஜ் இதையெல்லாம் விசுவாசத்தின் வெற்றி என்று சபைக்கு அறிக்கை எழுதினார். பாராட்டிப் பதில் வந்தது.

பெங்களூரிலிருந்து திரும்பும் ரயிலில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அப்பன் காரியம் போனது போனதுதான். ஆனால் அந்தத் தாய் இருக்கிறாள். மகனை அவளிடம் அனுப்பிவிட வேண்டும். அவள் கண்மூடும்போது முதல் பிடி மண் அவன் கையால்தான் விழவேண்டும். இந்த ஒன்றையாவது செய்துவிட்டால் தன் பாவத்தில் பாதியாவது தீரும். நாளைக்கே மலைக்குப் போகவேண்டும்.

நாளைக்கே என்றுதான் நினைத்தார். போகவில்லையே! ஒடுகத்தூர் சபையில் பெங்களூர் அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். பேசினார். படித்த பிள்ளைகளெல்லாம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். போளூரில் கூப்பிட்டார்கள். அங்கேயும் பேசினார். ஐயாவுக்கு இயேசுவின் பாஷையே தெரியும் என்று ஊர் சொல்ல ஆரம்பித்ததும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. வலமிருந்து இடமாக ஓடும் அந்த எழுத்துகளை நோட்டில் அழகாக எழுதிப் பழகினார். அப்பனைப் புதைக்கும் வார்த்தையை மட்டும் ஒரு மேடையிலும் அவர் எடுக்கவில்லை. அதைக் கோபாலிடம் முதலில் சொல்லவேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டார். ஆனி போயிற்று, ஆடி போயிற்று. ஆவணி பிறந்து ஒரு வாரம் கழித்துத்தான் போளூரில் மலை பஸ் ஏறினார்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மைல் நடக்கவேண்டும். புண்ணுள்ள காலை இழுத்துக்கொண்டு நடந்தார். ஓடையோரம் கோபால் வேலிக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தான். தேவராஜ் முதலில் பார்த்தது அவன் தலையை. நரைத்திருந்தது, ஆனால் முடி இருந்தது. மீசையும் இருந்தது. பெற்றவள் செத்திருந்தால் மலைக்காரன் முகத்தில் மீசை இருக்காது. அப்பாடா, கிழவி உயிரோடுதான் இருக்கிறாள். உபதேசியாருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

“வாங்க அய்யா, வாங்க. இன்னா இந்தக் காலை வெச்சிக்கினு ஏறி வந்துட்டீங்க?” என்று கோபால் எழுந்து வந்து கையைப் பிடித்து உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தான். அவன் மனைவி செல்லியம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

தேவராஜ் நேராக விஷயத்துக்கு வந்தார். பாதிரியார் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். “நான் உனக்குத் தப்பாச் சொல்லிட்டேன் கோபாலு. அந்த ஆளோட அப்பன் சாவவே இல்ல. பொணத்துக்குப் போவாதேன்னு ஆண்டவர் யாரையும் தடுக்கல. நான்தான் தடுத்தேன். படிச்சவன்னு நம்பி நீ உக்காந்துட்ட. எழுந்திரு, இப்பவே உங்கம்மாகிட்ட போ. நானும் கூட வர்றேன், அவங்க கால்ல நானே விழறேன்.”

கோபால் பிளந்த மூங்கிலை ஓரமாக ஒதுக்கிவைத்தான்.

“அம்மா போயி பதினோரு நாளு ஆச்சுங்க” என்றான்.

தேவராஜின் கண் மறுபடியும் அவன் மீசைக்குப் போயிற்று.

“கூப்பிடலியா உன்னை?”

“கூப்பிடாம இன்னா? ஊர்க்கவுண்டரே இறங்கி வந்தாரு. மூணு நாளா எம் பேரையே சொல்லிக்கினு இருந்துச்சாம். பூசையெல்லாம் ஒண்ணும் வேணாம்டா, மொட்டை அடிக்க வேணாம், ஒரு பிடி மண்ணு போட்டுட்டுப் போய்டு, உங்கம்மா கேட்டது அவ்ளோதான்னாரு.”

“ஐயோ, போவலியா நீ?”

“எப்பிடிங்க போறது?” கோபாலின் குரல் உயரவே இல்லை. “அம்மாவுக்குப் போனா, அப்பனுக்குப் போவாதது தப்புன்னு ஆயிடுது இல்ல? ரெண்டு நாளு மழையில குழியைத் தொறந்து போட்டது எதுக்குன்னு ஆயிடும். எம் பொஞ்சாதி காலைப் புடிச்சிக்கினு அழுதா. அதே வார்த்தையைச் சொல்லி இவளையும் அடக்கிட்டேன். நீங்க இல்லியேன்னு நானே உரக்கச் சொன்னேங்க. சாயங்காலம் வரைக்கும் மோளம் கேட்டுச்சு. இதோ, இங்கதான் உக்காந்திருந்தேன்.”

பதினோரு நாள். போளூரில் மைக் பிடித்துப் பேசிய வாரத்தில் வந்திருந்தால் போதும். நோட்டில் எழுத்தை அழகுபடுத்திய வாரத்தில் வந்திருந்தால் போதும். பாவி, பாவி என்று தேவராஜ் மனசுக்குள் அடித்துக்கொண்டார். அழுதார். வெட்கமில்லாமல், சளி ஒழுக அழுதார்.

கோபால் அழவில்லை. “எப்ப தெரிஞ்சதுங்க உங்களுக்கு இது?” என்று மட்டும் கேட்டான்.

பொய் சொல்லத்தான் வாயெடுத்தார், முடியவில்லை. “சித்திரையில” என்றார் தேவராஜ்.

கோபால் மாதங்களை விரல்விட்டு எண்ணினான். எண்ணி முடித்துக் கையை மடக்கிக்கொண்டான். அவன் அடித்திருந்தால் தேவராஜ் வாங்கிக்கொண்டிருப்பார். அவன் எழுந்து உள்ளே போனான். திரும்பி வந்தபோது கையில் வேதப்புத்தகம் இருந்தது. ஞானஸ்நானத்தன்று தேவராஜே கொடுத்தது, அட்டை போயிருந்தது. அதை அவர் மடியில் வைத்தான்.

“அய்யா, நீங்க பெங்களூர்ல கேட்டது பொய்யின்னு சொல்லுங்க.”

“கோபாலு...”

“அந்த சாமியாருக்குத் தெரியலன்னு சொல்லுங்க. அந்த ஆளோட அப்பன் செத்துதான் கெடந்தான். பொணம் வூட்ல இருக்கும்போதுதான் ஆண்டவரு வான்னாரு. அப்பிடித்தானே? அப்பிடி இல்லேன்னா நான் இன்னாங்க அய்யா? சொல்லுங்க. ரெண்டு பேரையும் எதுக்குங்க விட்டேன் நான்?”

வாசலில் செல்லியம்மாள் வந்து நின்றாள். இவ்வளவு நேரம் அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவளும் உபதேசியாரின் வாயையே பார்த்தாள்.

தேவராஜ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பக்கத்தைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை, புத்தகம் அந்த இடத்தில் தானாகவே திறந்துகொண்டது. அவர் படித்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் படித்த அதே பிரசங்கக் குரலில், அழுத்தம் திருத்தமாகப் படித்தார். படித்து முடித்து, “அவன் அப்பன் செத்துதான் இருந்தான் கோபாலு. நீ செஞ்சதுதான் சரி” என்றார்.

கோபால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நம்பவில்லை. அவர் நம்பவில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தது. செல்லியம்மாள் உள்ளே திரும்பிப் போய்விட்டாள்.

“இன்னொரு தபா படிங்க அய்யா” என்றான் கோபால்.

தேவராஜ் படித்தார்.