பத்தாவது படிவம்

"ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு யோசனையாடி?" அம்மா பல்லைக் கடித்தாள்.

எதிரே இஸ்திரிக்காரம்மா ஒரு கம்பெனியின் கல்விக்கடன் படிவத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பரிந்துரைப்பவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

இந்த வீட்டு மகள் பேனாவைத் திறக்கவில்லை. அவள் படித்ததும் இதே கம்பெனிக் கடனில்தான். கல்லூரி அவர்களுடையது, கடன் அவர்களுடையது, படித்ததும் கிடைத்த வேலையும் அவர்களுடையது. அரசாங்கக் கல்லூரிகளில் இடங்களைக் குறைத்த குழுவுக்குத் தலைவரும் அவர்கள் முதலாளியேதான். பழைய மாணவர் யாராவது பத்துப் பேரைக் கடனில் சேர்த்துவிட்டால் அந்த மாணவருக்கு ஒரு வருட வட்டி தள்ளுபடி. அவள் ஒன்பது பேரைச் சேர்த்திருந்தாள். இன்று கடைசி நாள்.

அப்பா மூட்டை தூக்குகிறவர். மகளின் தவணைக்காக இரண்டு வருடமாக இரண்டு ஷிப்ட். இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "போட்டுடும்மா. ஒரு வருஷமாவது ஒரு ஷிப்ட்டோட வீட்டுக்கு வருவேன்."

"நீ போட்டாத்தான் கண்ணு நடக்கும்," என்றாள் இஸ்திரிக்காரம்மா. "எம்பொண்ணும் உன்னை மாதிரி கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டுப் போகட்டும். அவளும் என்னோட வேகணுமா?"

மகள் அப்பாவின் இடுப்பைப் பார்த்தாள். பிறகு பேனாவைக் கீழே வைத்தாள்.

"வேண்டாம் அத்தை. நாலு வருஷப் படிப்புக்குப் பதினஞ்சு வருஷம் கட்டணும். ரெண்டு வருஷமா கட்டினது பூரா வட்டிக்கே போச்சு, அசல் அப்படியே இருக்கு. வேலையை விட்டா மொத்தத்தையும் ஒரே மாசத்துல கேப்பாங்க. ஒரு வருஷம் பொறுத்து அரசாங்கக் காலேஜுக்கு எழுதிப் போடுங்க."

இஸ்திரிக்காரம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்தது.

"டெய்லர் மகளுக்குக் கையெழுத்துப் போட்டியே, அவர்கிட்ட இதெல்லாம் சொன்னியா?"

"சொல்லல அத்தை. அது என் தப்பு."

"டெய்லர் மக படிக்கலாம். இஸ்திரிக்காரி மக படிச்சா மட்டும் உனக்குப் பொறுக்கல. நாளைக்கு உங்க துணியைத் தேய்க்க ஆள் வேணுமே!"

படிவத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

"எங்கிருந்துடி வந்தது இந்தப் புத்தி? ஒம்போது பேருக்கு அப்புறம்!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பினார்.

அம்மா கேட்டதுதான் மகளின் காதிலேயே நின்றது. செருப்பை மாட்டிக்கொண்டு தையல்காரர் வீட்டுக்கு நடந்தாள். வழியில், அவளோடு வேலை பார்க்கும் ஒருவன் வீட்டு வாசலில் இஸ்திரிக்காரம்மா படிவத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். அவன் வாசித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். இவளைக் கண்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தையல்காரர் வாயெல்லாம் பல்லாகக் கதவைத் திறந்தார். வழியெல்லாம் கூட்டி வைத்திருந்த சொற்களை அவள் தொடங்குவதற்குள், உள்ளே திரும்பி மகளை அழைத்தார்.

"ஏ புள்ள, யாரு வந்திருக்காங்க பாரு! உன்னைப் படிக்க வெச்ச அக்கா. நாற்காலியைத் தொடச்சுப் போடு."