பித்தளைச் சொம்பை யார் மறப்பார்?

வீடு மாறச் சொல்லி உத்தரவு வந்த அன்று, எடுத்துப் போக நம்மிடம் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் அஞ்சடி என்று ஒரு திண்ணை. வரிசையாகக் கட்டிய லயத்து வீடு அவ்வளவுதான்.

"ஒரு மூட்டை சாமான், அப்பறம் நானு. ரெண்டையும் தூக்கி லோரியில போட்டா முடிஞ்சுது" என்றேன்.

ராக்கம்மா சிரிக்கவில்லை. தோட்டத்துக் கூத்தில் பபூன் வேஷம் கட்டுகிறவன் நான். முனியாண்டி வாயைத் திறந்தால் மேட்டுத் தோட்டமே சிரிக்கும். என் பெண்டாட்டியிடம் மட்டும் இந்த இருபத்திரண்டு வருடமாக வசூல் கிடையாது.

மேட்டுத் தோட்டம் என்கிற எங்கள் ரப்பர்த் தோட்டம் கோலா பிலா ஊர்ப் பக்கத்து மலையடிவாரத்தில் இருந்தது. எங்கள் லயம் காட்டை ஒட்டிக் கடைசியில் கிடந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். அவர்களுக்கு லயத்திலிருந்துதான் சோறு போகிறது என்று சர்க்காருக்குச் சந்தேகம். நாங்களே அரை வயிற்றுக்குத்தான் தின்றோம் என்பதை யாரும் சர்க்காரிடம் சொல்லவில்லை போலும். ஆகவே ஓரத்து லயங்களைக் காலி செய்து, ஆட்களை ஆபீஸ் பக்கத்தில் முள்கம்பி வேலிக்குள் குடிவைப்பது, காலியான லயத்தைக் கொளுத்திவிடுவது என்று முடிவாயிற்று. வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி போனாலும் ஆளைப் பிடித்து உள்ளே போட அப்போது சட்டம் இருந்தது. எங்களை வேலை வாங்கும் மண்டோர் ராமசாமி தகரத்தைத் தட்டிக்கொண்டே இதையெல்லாம் சொல்லிப் போனார். மூன்று நாள் தவணை. இரண்டு வீட்டுக்கு ஒரு லோரி.

சட்டம், வேலி, நெருப்பு எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட ராக்கம்மா, கடைசி வார்த்தையில்தான் தலையில் கை வைத்தாள். எங்கள் லோரியில் பாதி பஞ்சாலைக்கு.

பஞ்சாலை பக்கத்து வீட்டுக்காரி. அவளுடைய கோழி எங்கள் அஞ்சடியில் அசிங்கம் பண்ணியது, எங்கள் சாக்கடை அவள் பக்கம் தேங்கியது என்று இருவருக்கும் ஓயாத சண்டை. உண்மையான காரணம் கோழியும் இல்லை, சாக்கடையும் இல்லை. ஜப்பான்காரன் சயாமில் ரயில் போட ஆள் பிடித்த காலத்தில், என்னை அடுப்புக்கு மேலே இருந்த பரணில் ஏற்றி, முன்னால் விறகை அடுக்கி மறைத்தாள் ராக்கம்மா. பிறகு பொட்டை அழித்துக்கொண்டு, தலையை விரித்துப் போட்டு, வாசலில் உட்கார்ந்து புருஷன் காய்ச்சலில் செத்துப்போனான் என்று அழுதாள். மேலே புகையில் இருமலை அடக்கிக்கொண்டு நான் கேட்டேன். அப்படி ஓர் ஒப்பாரியை நான் நிஜமாகவே செத்தால்கூடப் பாடுவாளா என்று சந்தேகம்தான். வந்தவர்கள் நம்பிவிட்டார்கள். அடுத்த வீட்டுக்குப் போனார்கள். பஞ்சாலையின் புருஷனைக் கூட்டிப் போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. பஞ்சாலை அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கோழியைப் பற்றித்தான் கேட்பாள்.

மூட்டை கட்டத் தொடங்கினோம். ஓர் அறைக்குள்ளிருந்து இவ்வளவு சாமான் வெளியே வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் வாடகைக்கு விட்டிருப்பேன். ஓட்டை வாளி. ஒற்றைச் செருப்பு. லுக்குட் ஊரில் கட்டிக்கொடுத்த மகள் வள்ளிநாயகிக்குக் குழந்தையில் கட்டிய தொட்டில் சேலை. முகம் பார்க்க முடியாத கண்ணாடி. ராக்கம்மா எதையும் விடுவதாக இல்லை. பழைய சேலைகளைக் கிழித்து மூட்டையாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் இறுக்கமாக ஒரு முடிச்சுப் போட்டாள். இரவில் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, கட்டிய மூட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டுவாள். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பாள். எனக்குப் பயமாக இருந்தது. பயந்தால் எனக்கு வருவது ஒன்றுதான்.

"எத மறந்தாலும் என்னைய மறந்துறாத புள்ள."

"ஒன்னைய மறந்தாலும் மறப்பேன். ஒரு குண்டூசிய மறக்க மாட்டேன்."

மண்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பஞ்சாலையின் குரல் வந்தது. "அண்ணே, ஒங்க பொண்டாட்டி பெருமைய நிறுத்தச் சொல்லுங்க! கோயிலுக்குப் போயி வெளக்க மறந்துட்டு வந்தவதானே!"

"அது கார்த்திகைக்குப் பொறவு அடிச்ச மழைடி! வெளக்க மறக்கல, எடுக்க முடியல!"

"மறதிக்காரிக்கு மழை ஒரு சாக்கு!"

"நாளைக்கு லோரி போனதுக்கப்பறம் நீயே வந்து என் வீட்டப் பாருடி! ஒரு துரும்பு கெடந்தா என் பேர மாத்திக் கூப்புடு!"

மூன்றாம் நாள் காலை லோரி வந்தது. எங்கள் அம்மி முதலில் ஏறுவதா, பஞ்சாலையின் ஆட்டுக்கல் முதலில் ஏறுவதா என்று பெண்கள் இருவரும் ஒருவழியாகப் பேசித் தீர்த்த பிறகு, ராக்கம்மா ஒரு புதுச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என்ன என்று எனக்குத் தெரியும். குடியிருந்த வீட்டை விட்டுப் போகும்போது அடுப்பை வெறுமையாக விட்டுப் போகக் கூடாது. ஒரு பிடி அரிசி, ஒரு கல் உப்பு, ஒரு மஞ்சள் துண்டு அடுப்பில் வைத்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவேண்டும். எங்கள் லயத்துப் பெண்கள் எல்லாருமே அன்று காலை அப்படித்தான் ஒரு சிட்டிகை அரிசியை இலையில் வைத்துவிட்டு வந்தார்கள். மண்டோர் சொன்ன சட்டம் அவர்கள் காதில் விழாமல் இல்லை. அது காட்டில் இருப்பவனுக்குக் கொடுக்கும் அரிசியைப் பற்றியது. இது வீட்டுக்கு.

ஆனால் ராக்கம்மா சட்டி நிறைய அரிசி எடுத்திருந்தாள்.

"கொளுத்தப்போற வீட்டுக்கு விருந்து வைக்கிறியாக்கும்?"

"ஒன்னைய வச்சிக் காப்பாத்துன வீடுய்யா" என்றாள். "அந்தப் பரண் இல்லேன்னா நீ சயாம்ல மண்ணாப் போயிருப்ப. அத வெறும் வயித்தோட நெருப்புல போடச் சொல்றியா?"

அந்த நேரம் பார்த்துப் பஞ்சாலையின் சிவப்புப் பெட்டைக்கோழி கூடையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. லோரிக்காரர் விரட்டினார். நான் விரட்டினேன். பஞ்சாலை விரட்டினாள். கோழி எங்கள் அடுப்படிக்குள் பாய்ந்து, சட்டியைத் தட்ட, அது கீழே விழுந்து உடைந்தது. அதற்குப் பிறகு அங்கே நடந்த பேச்சை எழுத முடியாது. லோரிக்காரர் ஹார்னை அழுத்தியபடியே இருந்தார். மற்ற பானை சட்டி எல்லாம் மூட்டைக்குள் முடிச்சாகிவிட்டது. கையில் வழிக்குத் தண்ணீர் கொண்டுபோக வைத்திருந்த பித்தளைச் சொம்பு ஒன்றுதான் மிச்சம். அவள் அப்பா கோலா பிலாவில் வாங்கிப் அவள் பெயரை வெட்டிக் கொடுத்த கல்யாணச் சொம்பு. தண்ணீரைக் கொட்டிவிட்டு, முந்தானையால் துடைத்து, சிந்திய அரிசியை அள்ளி அதில் போட்டு, ஒரு தட்டால் மூடி, அடுப்பின் மேல் வைத்தாள். அடுப்பைத் தொட்டுக் கும்பிட்டாள். வந்து லோரியில் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் நடுப்பகலில் தகரம் அடித்து எங்களை ஆபீஸ் திடலுக்குக் கூப்பிட்டார்கள். மேசை மேல் அந்தச் சொம்பு இருந்தது. பின்னால் போலீஸ் துரை. லயத்தைக் கொளுத்தப் போனவர்கள் கொளுத்துவதற்கு முன்னால் உள்ளே பார்த்திருக்கிறார்கள். மற்ற வீடுகளில் இருந்த சிட்டிகை அரிசியை ராத்திரியே எலி தின்றுவிட்டது. தட்டுப் போட்டு மூடிய அரிசியை எலியால் என்ன செய்ய முடியும்?

சொம்பில் இருந்த பெயரைப் படித்ததும் ராக்கம்மா தானாகவே முன்னால் போனாள். யாரோ களவாடிய சொம்பைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ.

துரை இங்கிலீஷில் பேசினார். ஆபீஸ் கணக்கைப் பார்க்கும் பெரிய கிராணி கந்தையா தமிழில் சொன்னார். கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் அவரிடம் பேசும்போது துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிடுவோம். அன்று அவர்தான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"காட்டிலை இருக்கிறவங்களுக்கு எடுத்துக்கொண்டுபோக வச்ச அரிசி எண்டு துரை சொல்லுறார். இதுக்குத் தூக்குக்கூடக் கிடைக்கும். விளங்குதா பிள்ளை?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவசரத்திலை மறந்துபோய் விட்டிட்டு வந்தனான் எண்டு மட்டும் சொல்லு. வேறை ஒண்டும் வேண்டாம். மிச்சத்தை நான் சொல்லுறன்."

ஜப்பான்காரனிடம் உயிரோடு இருந்த புருஷனைச் சாகடித்துக் காட்டியவள் அவள். ஒரே ஒரு சின்னப் பொய். நான் மனசுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். சொல்லு புள்ள, சொல்லு.

ராக்கம்மா திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். முன்வரிசையில் பஞ்சாலை நின்றுகொண்டிருந்தாள்.

"மறந்தேனா? நானா?" என்றாள் ராக்கம்மா. "கிராணி ஐயா, பித்தளைச் சொம்ப எவளாச்சும் மறப்பாளா? மூணு நாளு கண்ணு முழிச்சு மூட்டை கட்டியிருக்கேன். ஒரு துரும்ப விடல. அது வீட்டுக்கு வச்சது. நாந்தான் வச்சேன்."

கந்தையா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மொழிபெயர்த்தார். பித்தளைப் பாத்திரத்தை யாரும் மறந்துவிட்டு வரமாட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன் என்று துரை தலையாட்டினாராம்.

வீட்டுக்கு அரிசி வைப்பது உங்கள் ஆட்களின் வழக்கமா என்று துரை கேட்டார். கந்தையா அதைக் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார். மண்டோர் ராமசாமி தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெண்டாட்டி இலையில் வைத்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எல்லாருக்கும் தெரியும். எல்லார் வீட்டிலும் பிள்ளைகள்.

நான் முன்னால் போனேன். பரணைப் பற்றிச் சொன்னேன். விறகுக்குப் பின்னால் படுத்திருந்ததைச் சொன்னேன். அந்த வீட்டுக்கு நன்றிக்கடனாக வைத்த அரிசி அது என்றேன். வாழ்க்கையில் ஒரு தடவை தமாஷ் இல்லாமல் பேசினேன். பக்கத்தில் துப்பாக்கியோடு நின்ற ஸ்பெஷல் போலீஸ் பையன்கள் சிரித்துவிட்டார்கள். பொட்டழித்து அழுதது வரைக்கும் வந்தபோது கூட்டத்திலேயே இரண்டு பேர் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று துரை கேட்டார். இவன் கூத்தில் கோமாளி என்று யாரோ சொன்னார்கள். துரை என்னைப் பின்னால் போய் நிற்கச் சொன்னார்.

அப்போதுதான் பஞ்சாலை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"நானும் வச்சேங்க ஐயா. வழக்கந்தான். எங்கோழி சட்டிய ஒடைக்காட்டி இவ சட்டியிலதான் வச்சிருப்பா, பேரு வெட்டுன சொம்பு ஒங்க கையில சிக்கியிருக்காது."

"நீ பேசாம போ பிள்ளை" என்றார் கந்தையா. அவர் அழுதுவிடுவார்போல இருந்தது.

"எதுக்குப் போவணும்? வழக்கமான்னுதான கேட்டாரு? வழக்கம்னு சொல்லுங்க."

கந்தையா சொன்னார். துரை அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, லோரியைக் காட்டி, இரண்டு விரலை நீட்டினார்.

நேற்று எங்களை ஏற்றி வந்த அதே லோரி. ராக்கம்மா ஏறும்போது என்னைப் பார்த்து, "அரிசி நீல மூட்டையில, உப்பு தொட்டில் சேலை மூட்டையில" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பஞ்சாலையும் பின்னால் ஏறினாள். லோரி கிளம்பியது.

"எல்லாம் ஒங்கோழியால வந்ததுடி."

"எங்கோழியப் பத்திப் பேசாதடி. மறந்தேன்னு ஒரு வார்த்த சொன்னா வாயி வெந்தா போயிரும்?"

"நீ மட்டும் என்னத்துக்குடி வந்த?"

பஞ்சாலை என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை. லோரி வேலியைத் தாண்டிச் சிரம்பான் பாதையில் திரும்பிவிட்டது. மலைப் பக்கம் புகை எழும்பத் தொடங்கியிருந்தது. எங்கள் லயம்தான்.

மறுநாள் சாயங்காலம் கந்தையா என்னை ஆபீசுக்குப் பின்பக்கம் கூப்பிட்டார். "முனியாண்டி, நான் ஒரு பெட்டிசன் எழுதிப் பார்க்கிறன். அவ மறதிக்காரி, புத்தி பேதலிச்ச நேரம் எதையும் விட்டிட்டு வாறவ எண்டு காட்டவேணும். அவ அங்கை மறந்துபோட்டு வந்த சாமான் வேறை ஏதும் இருந்தாச் சொல்லு. ஒண்டு கிடைச்சாலும் காணும்."

புது வீட்டுக்கு வந்தேன். தகரச் சுவர், தகரக் கூரை. மூட்டைகளெல்லாம் அவள் வைத்த இடத்திலேயே இருந்தன. ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். என் பெண்டாட்டி எதையாவது மறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே அவிழ்த்தேன். ஓட்டை வாளி இருந்தது. ஒற்றைச் செருப்பு இருந்தது. துணி காயப்போட்ட கயிறு, கதவுத் தாழ்ப்பாள், அடுப்பு ஊதும் குழல் எல்லாம் இருந்தன. தூக்கிப் போடச் சொல்லி நான் நூறு தடவை சொன்ன என் பபூன் குல்லாய் இருந்தது. உடைந்த சட்டியின் ஓடுகளைக்கூடப் பொறுக்கி ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தாள். எப்போது பொறுக்கினாளோ. பரணிலிருந்து எடுத்து வந்த ஒரு விறகுக்கட்டை இருந்தது.

கடைசி மூட்டையில், மஞ்சள் துணியில் தனியாக முடிந்து, சாமி விளக்கு மாட்டியிருந்த ஆணி இருந்தது. சுவரிலிருந்து அதையும் பிடுங்கி வந்திருந்தாள்.

இதை மட்டும் வெளியே எறிந்துவிட்டு, ஆணியை மறந்துவிட்டாள் என்று கிராணியிடம் சொல்லிப் பார்க்கலாமா என்று நினைத்தேன். வேலிப் பக்கம் வரைக்கும் போனேன். ஓர் ஆணிக்காக எந்தத் துரை மனசு மாறுவார்? அதுவும் நான் சொல்லி? அதோடு, நாளைக்கே அவள் வந்து நின்று, "ஆணிய நானா மறந்தேன்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

திரும்பி வந்தேன். பஞ்சாலையின் சிவப்புக் கோழி வாசலில் நின்றது. விரட்டவில்லை. ஆணியை அடிக்கச் சுவரில் இடம் தேடினேன். தகரத்தில் நிற்காது. மறுபடியும் அதே மஞ்சள் துணியில் வைத்து முடிந்தேன். முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது.