இருக்கட்டும்

அச்சகத்தில் அவருக்கு ஒற்றுக்காரர் என்று பெயர். இருபத்தாறு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறார். எவனாவது 'படித்து காட்டினான்' என்று எழுதிவிட்டால் போதும், விட்டுப்போன அந்த ஒரு 'க்'குக்காக மனிதர் தேநீரை ஆறவிட்டுவிடுவார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பெயரை மட்டும் கேட்டுவிட்டு, ஆள் உளவாளியோ என்று பயந்ததும் உண்டு. உளவாளியாம், நல்ல உளவாளி! சொந்த வீட்டில் இருபத்திரண்டு வருடமாக என்ன நடக்கிறது என்று தெரியாத உளவாளி.

அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் துணி வெட்டுகிறவள். அங்கே அவளை மாஸ்டரம்மா என்பார்கள். ஐம்பது துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மின்கத்தியை ஓட்டினாள் என்றால் மேல் துணிக்கும் அடித் துணிக்கும் ஒரு நூல்கூடப் பிசகாது. அப்படிப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு, நூற்றுப்பத்துச் சட்டைக்கும் இடது கையாகவே வெட்டித் தள்ளிவிட்டாள். துணியை முகத்தோடு முகம் சேர்த்து அடுக்கினால் ஒன்று இடது, ஒன்று வலது என்று விழும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கற்றுக்கொடுப்பது அது. அவள் எல்லாவற்றையும் ஒரே பக்கமாக அடுக்கிவிட்டிருந்தாள். இருநூற்றிருபது கைகள், அத்தனையும் இடது.

என்ன என்று கேட்டால் நாக்குக் குழறியது. வியர்த்து ஊற்றியது. முதலாளியம்மா கிட்டே போய் முகர்ந்தே பார்த்துவிட்டாள். பொத்தான் தைக்கிற பெண் ஒருத்திதான் பதறிப்போய்ப் பழச்சாறு வாங்கி வந்து வாயில் ஊற்றினாள். பத்தே நிமிடம். எழுந்து உட்கார்ந்தவள் மேசையைப் பார்த்து, "எந்த மகராசி இப்படி வெட்டினது? கண்ணு தெரியலையா?" என்று சத்தம் போட்டாளாம். அதுதான் வினையாகப் போனது. அப்படியே கிடந்திருந்தாலாவது உடம்புக்கு முடியவில்லை என்று இரக்கப்பட்டிருப்பார்கள். பத்து நிமிடத்தில் தேறியதும், "என்னமா நடிக்கிறா!" என்று கூடமே பேசியது. உடம்பைக் காட்டி மருத்துவரிடம் கடிதம் வாங்கி வரும்வரை கத்தியைத் தொடக்கூடாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இது முதல் தடவை இல்லை என்பது ஒற்றுக்காரருக்குத் தெரியும். நாலு மாதமாகவே அவள் அவளாக இல்லை. ஒரு விடியற்காலை எழுப்பினால் எழவில்லை, படுக்கையெல்லாம் ஈரம். ஒரு நாள் சாயங்காலம் பேருந்தில் இறங்கத் தெரியாமல் கடைசி நிறுத்தம்வரை போய்விட்டாள். இன்னொரு நாள் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, இவரைப் பார்த்து "நீ யாரு?" என்றாள். வேறொரு நாள் என்னென்னவோ உளறினாள். ஏற்கெனவே பார்த்த மருத்துவர் நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை கொடுத்தார். அதைச் சாப்பிட்டுத் தூக்கம் வந்ததுதான் மிச்சம்.

விஷயம் கேள்விப்பட்டு அவளுடைய அண்ணன் வந்து உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, இதை மூடி மறைச்சுப் பிரயோஜனமில்ல. மனநல டாக்டர் ஒருத்தர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். திங்கக்கிழமை கூட்டிட்டுப் போய்ச் சேர்த்துடலாம்."

அடுப்படி வாசலில் நின்று அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் போனபிறகு கணவரிடம் வந்தாள்.

"புத்தி சரியில்லன்னு எழுதிட்டாங்கன்னா, அப்புறம் எவன் என் கையில கத்தியைக் குடுப்பான்?"

ஒற்றுக்காரர் பழைய மாத்திரைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள், "இருக்கட்டும், விடுங்க," என்று உள்ளே போய்விட்டாள். அது அவள் வாயில் சதா இருக்கிற வார்த்தை. கல்யாண நாளை மறந்தாலும் இருக்கட்டும், காய்ச்சலோடு அவள் வேலைக்குப் போனதை இவர் கவனிக்காவிட்டாலும் இருக்கட்டும்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு நோட்டை எடுத்து, திங்கட்கிழமை மருத்துவரிடம் காட்டுவதற்காக நடந்ததையெல்லாம் எழுதினார். ஐந்து சம்பவம், தேதி, நேரம், எல்லாம் அச்சுப் போல இருந்தது. மேலிருந்து கீழே படித்துப் பார்த்தார். யார் படித்தாலும் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள்.

மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழகின வாசகமாக இருந்தால் கண் தானாக நிரப்பிக்கொண்டு ஓடிவிடும், பிழை தெரியாது. அதனால் கடைசி வரியிலிருந்து மேல் நோக்கிப் படிப்பார்கள். கைப் பழக்கத்தில் அவர் அப்படியே படித்தார். பத்து நிமிடத்தில் சரியானாள். அதற்கு முன்னால், பழச்சாறு குடித்தாள். அதற்கு முன்னால், வியர்த்தது. அதற்கு முன்னால்? அங்கே ஒன்றுமே எழுதவில்லை. அடுத்த சம்பவம்: சரியானாள், இனிப்பான தேநீர் குடித்தாள், உளறினாள், அதற்கு முன்னால்? அங்கேயும் வெற்றிடம். ஐந்திலும் அதே இடத்தில் அதே ஓட்டை. பேனாவை மூடிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

"அந்தச் செவ்வாக்கிழமை காலையில நீ என்ன சாப்பிட்ட?"

"ஒண்ணும் சாப்பிடல. இப்ப எதுக்கு?"

"பஸ்சுல தாண்டிப் போனியே, அன்னைக்கு?"

"மத்தியானமே சாப்பிடல. ஏழு கிலோ ஏறிட்டேன்னு அண்ணி கிண்டல் பண்ணினாங்களே, அதுலேர்ந்து பாதி நாள் சாப்பிடறதில்ல. நீங்க சாப்பிட்டுட்டுப் போயிடுவீங்க, நான் அப்படியே வேலைக்குப் போயிடுவேன்."

மற்ற மூன்று நாளையும் கேட்டார். ஐந்து நாளும் வெறும் வயிறு. ஐந்து தடவையும் இனிப்பு உள்ளே போனதும் தெளிந்திருக்கிறாள். திங்கட்கிழமை மைத்துனரின் போனை எடுக்காமல், அவளை வெறும் வயிற்றோடு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், பொது மருத்துவம் பார்க்கும் டாக்டரம்மாவின் மேசையில் நோட்டைப் பிரித்து வைத்தார். அந்த அம்மா இரண்டு தடவை படித்தாள். ஊசியால் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். நாற்பத்தாறு.

"சர்க்கரை வியாதியா?" என்றார் ஒற்றுக்காரர்.

"அதுக்கு நேர்மாறு. எழுபதுக்குக் கீழ இறங்கவே கூடாது. உள்ள சேர்த்துக்கிட்டு, தண்ணியைத் தவிர ஒண்ணும் குடுக்காம வச்சுப் பார்க்கணும். மூணு நாள்கூட ஆகலாம். சர்க்கரை அடியில இறங்கும்போது எடுக்கிற ரத்தத்துலதான் குட்டு வெளிப்படும். நடுவுல பாவம் பார்த்து நீங்க ஏதாவது குடுத்துட்டீங்க, எல்லாம் வீண்."

சேர்த்த அன்று சாயங்காலம் ஏழு மணிக்குச் சாப்பிட்டதோடு சரி. மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவள் உதடு வெளுத்தது. ஒற்றுக்காரர் நேரத்தைக் குறித்தார். கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. அதையும் குறித்தார். திடீரென்று அவள் நர்சின் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"இந்த ஆளு யாரு தெரியுமா? ஊர்ல எவன் எழுதினாலும் என்ன விட்டுப்போச்சுன்னு இவருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ சாப்பிட்டியான்னு என்னைக் கேட்டதில்ல."

அவர் கை அதையும் எழுதிவிட்டது. முப்பத்தாறு என்று நர்ஸ் சொன்னாள், ரத்தம் எடுத்தாள், நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினாள். சிறிது நேரத்தில் அவள் சுற்றிலும் பார்த்து, "என்ன எல்லாரும் நிக்கிறீங்க?" என்றாள். பேசியது எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை.

பரிசோதனைகளெல்லாம் முடிந்து டாக்டரம்மா விளக்கினாள். கணையத்தில் வேர்க்கடலை அளவுக்கு ஒரு கட்டி. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது பாட்டுக்கு இன்சுலினைச் சுரந்து ரத்தத்துச் சர்க்கரையைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராது. பெரும்பாலும் புற்று இல்லை, வெட்டி எடுத்தால் தீர்ந்தது.

"அப்ப புத்தி?" என்றார் அவர்.

"அவங்க புத்திக்கு ஒரு குறையும் இல்ல. மூளைக்குச் சர்க்கரை போகாதப்ப பேசினது அது. அவங்க இல்ல. எதையும் மனசுல வச்சுக்காதீங்க."

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. பொய் சொல்வானேன், கட்டியைக் கண்டுபிடித்ததைவிட இந்த வார்த்தைதான் நெஞ்சை லேசாக்கியது. வராந்தாவிலேயே நின்று சிவப்புப் பேனாவை எடுத்து, நோட்டில் அவள் பேசியதை நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் தலையணையைச் சாய்த்து வைத்து உட்காரவைத்தார்கள். சர்க்கரை தொண்ணூற்றெட்டு. கத்தி பிடிக்கத் தடையில்லை என்று கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் நோட்டைக் கேட்டாள்.

"நான் அடிச்ச கூத்தையெல்லாம் பார்க்கிறேன், குடுங்க."

கொடுக்காமல் இருந்திருக்கலாம். அச்சகத்தில் மறந்துவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கொடுத்தார். அவள் சிரித்துச் சிரித்துப் படித்தாள். சிவப்புக் கோட்டிடம் வந்ததும் சிரிப்பு நின்றது. கோட்டுக்கு அடியிலிருந்த எழுத்தை விரல் வைத்து மெதுவாகப் படித்தாள்.

"இதை ஏன் அடிச்சீங்க?"

"டாக்டரம்மா சொன்னாங்க. அது நீ பேசினது இல்லையாம். கட்டி பேசினதாம்."

அவள் நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இடது கை வெட்டினது கட்டி. தட்டை எறிஞ்சது கட்டி. இது நான்தாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் அளவு சொல்வது போலச் சொன்னாள். அவருக்கு எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. தவறாக அடித்ததைத் திரும்பச் சேர்க்க வேண்டுமானால் அதன் அடியில் புள்ளி புள்ளியாக வைத்து, ஓரத்தில் ஒரு வார்த்தை எழுதுவது அச்சகத்து வழக்கம். பேனாவை எடுத்து ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே புள்ளி வைத்தார். ஓரத்தில் எழுதினார்: இருக்கட்டும்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். இருபத்தாறு வருடம் அடுத்தவன் வாக்கியத்தைச் சரிசெய்தவருக்குத் தன்னுடைய ஒரு வார்த்தை கிடைக்க அவ்வளவு நேரம் ஆனது.

"சாப்பிட்டியா?"

அவள் கண்ணாலேயே தலைமாட்டைக் காட்டினாள். கட்டிலுக்கு மேலே பலகை தொங்கியது: 'வாய்வழி எதுவும் கொடுக்கக்கூடாது.' இவர் அதைப் படித்து முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

"சிரிக்க வைக்காதீங்க, தையல் விட்டுடப் போகுது," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நாளைக்குக் கேளுங்க. நாளன்னைக்கும் கேளுங்க."