மேடையில் திறந்த கதவு

மேடையில் அந்தக் கதவு திறந்ததும், எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டீச்சரம்மா மூக்கைச் சிந்தினார். பக்கத்தில் பேங்க்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அரங்கம் முழுக்கக் கைதட்டல், பின்னால் யாரோ விசில்கூட அடித்தார்கள். நான் மட்டும் மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இது என்ன கண்றாவி என்று உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதவு திறக்கவே இல்லை. எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், போன வருஷம், அது இறுக்க மூடித்தான் கிடந்தது. அது டீச்சரம்மாவுக்கும் தெரியும், பேங்க்காரருக்கும் தெரியும், இந்த நாடகத்தை எழுதிய என் தம்பிக்கும் தெரியும்.

மார்க்கெட்டில் தொடங்கிய கலவரம் அது. மத்தியானத்துக்குள் ஊரே பற்றிக்கொண்டது. என் வீட்டுக்காரருக்கு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சாவிக்கடை. பூட்டு ரிப்பேர், மாற்றுச் சாவி, கதவுக்கு லென்ஸ் வைப்பது, அவ்வளவுதான் அவர் உலகம். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறார். கல்லெறிந்தவனைத் துரத்தி வந்த போலீஸுக்கு, ஓடுகிறவன் எல்லாம் கல்லெறிந்தவன்தான். எங்கள் வீடு நாலாவது மாடி. படியேறும்போதே முழங்காலில் லத்தி விழுந்துவிட்டது. இரண்டாவது மாடிக்கு மேல் கால் வரவில்லை. அங்கே நாலு கதவு. நாலையும் தட்டியிருக்கிறார்.

அந்த நாலு கதவுக்கும் பூட்டு மாட்டியது அவர்தான். வெளியே நிற்பது யாரென்று உள்ளிருந்து பார்க்கிற லென்ஸையும் அவர்தான் வைத்தார். ஒரு கொண்டை ஊசி கிடைத்தால் போதும், பேசிக்கொண்டே திறந்துவிடுவார். ஆஸ்பத்திரியில் ஒருநாள் ஆற்றாமையில் கேட்டேன்: "ஏங்க, நீங்களே திறந்து உள்ள போயிருக்கலாம்ல?"

"அடுத்தவங்க வீடும்மா அது. அவங்கதான் திறக்கணும்" என்றார்.

இப்படி ஒரு மனுஷன்! தலையில் அடித்துக்கொள்வதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று தெரியவில்லை. அந்த வராந்தாவிலேயே போட்டு அடித்திருக்கிறார்கள். வலது கை விரல்களைப் பூட்ஸால் மிதித்திருக்கிறார்கள். நான் அப்போது தையல் கம்பெனியில் இருந்தேன். ஊரடங்கு என்று கேட்டைப் பூட்டி, மறுநாள்தான் எங்களை வெளியே விட்டார்கள். அதற்குள் போலீஸ் அழகாக எழுதி முடித்துவிட்டது: மாடிப்படியில் தவறி விழுந்து காயம்.

விசாரணை கமிஷன் வைத்திருக்கிறார்கள். எங்கள் முறை திங்கட்கிழமை. "பாத்தேன்னு சொல்ல ஒரே ஒருத்தர் போதும்மா" என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஒரே ஒருத்தர்! நாலு வீட்டுக்கும் நடந்தேன். ஒருவர் ஊரிலேயே இல்லையாம். ஒருவர் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தாராம். பேங்க்காரர், "போலீஸ் விவகாரம் பாருங்க..." என்று இழுத்து அதோடு நிறுத்திக்கொண்டார். டீச்சரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "டிவி சத்தத்துல ஒண்ணுமே கேக்கலம்மா" என்றார். கேட்டதோ இல்லையோ, அவர் பார்த்தார். தட்டியபோது அந்த லென்ஸில் தெரிந்த வெளிச்சப் புள்ளி சட்டென்று கறுத்துப்போனதாக என் வீட்டுக்காரர் சொன்னார். உள்ளே ஒரு கண் வந்து ஒட்டினால்தான் அது கறுக்கும்.

தம்பி பகலில் கூரியர் ஆபீசில் வேலை பார்ப்பவன். சாயந்தரமானால் நாடகம், நாடகம் என்று அலைவான். இவர் வாயைக் கிளறிக் கிளறிக் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, என் சமையலறை வாசலில் உட்கார்ந்து படித்துக்காட்டினான். நாலு கதவு, நாலு வெளிச்சப் புள்ளி. இவர் தட்டத் தட்ட ஒவ்வொன்றாக இருளும். பிறகு பூட்ஸ் சத்தம். ஈரக் கையோடு நின்று அழுதேன். "இப்படியே போடுடா. ஒரு எழுத்தை மாத்தாதே" என்றேன். "மாத்துவேனாக்கா?" என்றான்.

அதை நம்பித்தான் நானே அந்த நாலு வீட்டுக்கும் அழைப்பிதழ் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாடகம், மறுநாள் காலை விசாரணை. வாயால் கேட்டு வராதவர்களுக்குக் கண்ணால் பார்த்தாவது உறைக்காதா? நாலில் ஒருவருக்காவது அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல், விடிந்ததும் கூட வர மாட்டார்களா? என் கணக்கு இதுதான், வேறொன்றுமில்லை. கழுத்தறுக்கப் போகிறவன் என் கூடப்பிறந்தவன் என்று நான் கனவா கண்டேன்?

அதுவரை நாடகம் நன்றாகத்தான் போனது. பூட்ஸ் சத்தம் கேட்டபோது அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. "பாவிங்க" என்று யாரோ முனகினார்கள். மேடையில் நொண்டிக்கொண்டு வந்தவன் முதல் கதவைத் தட்டினான், திறக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது. நான் டீச்சரம்மாவின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது விறைத்திருந்தது. இப்போது, இப்போது என்று காத்திருந்தேன். நாலாவது கதவு திறந்தது. நரைத்த தலையோடு ஒருத்தி கை நீட்டி அவனை உள்ளே இழுத்தாள். போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு வந்தபோது இரண்டு கையையும் விரித்து நின்றாள்: "என்னை அடிச்சுப் போட்டுட்டு அவரைத் தொடுங்கடா!"

டீச்சரம்மாவின் பிடரி தளர்ந்தது. தோள் குலுங்கியது. நான் திரும்பி, பக்கத்து சீட்டிலிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கை தட்ட முடியாதவர், இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு வேறு. இவருமா என்று எனக்கு வயிறு எரிந்தது.

வெளியே வந்ததும் டீச்சரம்மா என்னைக் கட்டிக்கொண்டார். "நெஞ்சே வெடிச்சுப்போச்சும்மா. அன்னிக்கு தாழ்ப்பாள்மேல கை வெச்சுட்டு எப்படி நடுங்கினேன் தெரியுமா?"

பக்கத்தில் நின்ற ஒரு பெண், "மேடம், அது நீங்கதானா?" என்று வாயைப் பிளந்தாள். டீச்சரம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். அந்தப் பெண் அவரோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டாள். அது முடியும்வரை நான் பொறுமையாக நின்றேன்.

"டீச்சரம்மா, அப்ப நாளைக்கு வர்றீங்களா?"

"எங்கம்மா?"

"விசாரணைக்கு. நீங்க கதவெல்லாம் திறந்ததா சொல்ல வேண்டாம். பாத்ததை மட்டும் சொன்னா போதும்."

என் தோளிலிருந்த கை மெதுவாக இறங்கியது. "இது நாடகம்தானம்மா. நாடகத்துல ஆயிரம் காட்டுவாங்க" என்றார். பேங்க்காரருக்குத் திடீரென்று குடையை உள்ளேயே மறந்தது ஞாபகம் வந்து, வேகமாகத் திரும்பிப் போனார்.

தம்பியை மேடைக்குப் பின்னால் பிடித்தேன். யாரோ கொடுத்த பூங்கொத்து கையில் இருந்தது.

"ஏன்டா இப்படிப் பண்ணினே?"

"அக்கா, ஒத்திகை பாத்தவங்க எல்லாம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டுப் போனாங்க. கடைசிவரைக்கும் ஒருத்தர்கூட நல்லவர் இல்லையான்னு கேட்டாங்க. பாக்க வந்தவங்க மூஞ்சியில காறித் துப்பினா யாருக்கா அடுத்த தடவை வருவாங்க?"

"நீ துப்புவேன்னு நெனச்சுத்தான்டா நான் வீடு வீடாப் போய்க் கூப்பிட்டேன்."

"நாம இப்படி நடந்திருக்கலாமேன்னு வெக்கப்படுவாங்கன்னு நெனச்சேன்."

"வெக்கமா? பெருமைப்பட்டுட்டுப் போறாங்கடா! நாங்க உண்டு எங்க வேலை உண்டுன்னு கதவைச் சாத்தினவங்களுக்கு நீ மாலை போட்டு அனுப்புற. போலீஸ் விரலை ஒடச்சான். அந்த உண்மையாவது எங்ககிட்ட இருந்துச்சு. அதையும் பிடுங்கிட்டுப் போய்ட்டே."

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் யாரோ வந்து, "பிரமாதம் சார், அந்தக் கதவு சீன்!" என்று கை நீட்டினார்கள். கலங்கின கண்ணோடேயே திரும்பி, பல்லைக் காட்டிக் கை கொடுத்தான். நான் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு நடந்தே போனோம். இவர் காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார், நான் அதற்குத் தக்கபடி மெதுவாக நடப்பேன். சாவிக்கடையைத் தாண்டும்போது பூட்டு சரியாக இருக்கிறதா என்று வழக்கம்போல இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

"நல்லாதான் இருந்துச்சு" என்றார்.

"என்ன நல்லா இருந்துச்சு? உங்களை வெச்சுத்தானே பொய் சொல்றான்?"

"பொய்தான். நாலாவது கதவுகிட்ட வந்ததும் எனக்கு மூச்சே நின்னுபோச்சு. அவன் உள்ள போயிட்டான் பாத்தியா?"

"அவன் போனான். நீங்க போகலையே?"

"அவனாவது போனானே" என்றார்.

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அவர் மேலிருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அது போன இடத்தில் அழுகைதான் வந்தது. அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

இரண்டாவது மாடிக்கு வந்தபோது டீச்சரம்மா வீட்டு லென்ஸில் வெளிச்சம் தெரிந்தது. எங்களுக்கு முன்னாலேயே ஆட்டோவில் வந்துவிட்டிருந்தார். நான் நின்றேன்.

"விடும்மா, மேல போலாம்" என்றார் இவர்.

நான் தட்டினேன். உள்ளே செருப்புச் சத்தம் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. வெளிச்சப் புள்ளி கறுத்தது.

அது கறுப்பதை அன்றுதான் முதன்முதலாக என் கண்ணால் பார்த்தேன். அதற்கு நேராக முகத்தை வைத்து, "டீச்சரம்மா, நான்தான். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு. வந்து சும்மா நின்னாக்கூடப் போதும்" என்றேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பலகைதான். அவர் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது.

என் கை தானாகத் தலைக்குப் போயிருக்கிறது. கொண்டை ஊசி விரல்களுக்கு நடுவில் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. உள்ளே போகிறேன், அந்த முகத்தைப் பார்க்கிறேன், அதற்கப்புறம் நடப்பது நடக்கட்டும். அவரிடம் நீட்டினேன்.

அவர் ஊசியைப் பார்த்தார். வாங்கித் திரும்ப என் தலையிலேயே செருகினார். பிறகு என்னை லேசாக விலக்கிவிட்டுக் கதவுக்கு நேராக வந்து நின்று, சரியாக மடங்காத வலது கை விரல்களைப் பாதி மடக்கித் தட்டினார். கொஞ்சம் நின்று, மறுபடி தட்டினார். அந்தப் புள்ளி கறுப்பாகவே இருந்தது.